கொங்களி இல்லாத கொங்களி புருகு

சாம்பாருக்குக் கறிவேப்பிலை கிள்ள மாடிக்குப் போனேன். தொட்டிச் செடியில் இலையோடு இலையாக ஒட்டிக்கிடந்த பச்சைப் புழு ஒன்று, விரல் பட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டியது. குப்பென்று அழுகிய பழ நாற்றம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த வாடையில் எனக்குச் செல்வி மேல் இருந்த பழைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

அப்போது திருப்பதியில் ஒரு புழுக் கணக்கெடுப்பில் எனக்குத் தற்காலிக வேலை. தோப்பு தோப்பாகப் போய்ப் புழுவைத் தேடி, பெயர் கண்டுபிடித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது என்னென்ன செய்கிறது என்று எழுத வேண்டும். நானும் செல்வியும்தான். வருடக் கடைசியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் சித்தூர் டவுன், எம்.எஸ்ஸி. அவள் பாலசமுத்திரம் பக்கம், பி.எஸ்ஸி; அவள் நைனாவுக்கு மாந்தோப்பில் கூலி வேலை. சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மேதை நான்.

அவளுக்குக் கண்ணா அது. எலுமிச்சை இலையில் ஏதோ குருவி எச்சம் என்று நான் தாண்டிப் போனதை, "எச்சத்துக்குக் கால் கீதுக்கா" என்று கூப்பிட்டுக் காட்டுவாள். குச்சி என்று நான் தள்ளியது எழுந்து நடக்கும். எங்கள் மேடம் தெலுங்குக்காரர். நான் எதைக் கொண்டுபோனாலும் "செல்விகி சூப்பிஞ்சு" என்பார். செல்வியிடம் காட்டு என்று அர்த்தம். அதைக் கேட்ட நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவள் டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டுக் குழம்பை மட்டும் வாங்கித் தின்பேன், அது வேறு விஷயம்.

பலமனேர் ரோட்டில் ஒரு மாந்தோப்பு. அங்கே முதல் தடவையாக நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். இலைக்கு அடியில் பச்சைப் பசேலென்று, முதுகில் நீலக் கோட்டோடு, அத்தனை அழகு. எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதக்கா. அது கொங்களி புருகு."

கம்பளிப்பூச்சிக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். கொங்களி என்றால் கம்பளி. தெலுங்கு மீடியத்தில் படித்த எனக்கே தெலுங்கு சொல்லித் தருகிறாள்.

"இதுல எங்க கொங்களி? முடி ஒண்ணுகூட இல்ல."

"கொங்களி இல்லாத கொங்களி புருகுக்கா. முள்ளு கீது, பொடிப் பொடியா."

அவள் சொல்லி நான் கேட்பதா? பிடித்தேன். நெருப்பைத் தொட்டது மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். செல்வி தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, என் விரலில் ஒட்டி ஒட்டி முள்ளை எடுத்தாள். பையில் வைத்திருந்த ஒரு அட்டைப் பொட்டும் தீர்ந்துபோனது.

வீங்கிய விரலைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். செல்வி பாட்டில் கழுவப் போயிருந்தாள். அது ஒன்றும் செய்யாது, பிடி என்று செல்விதான் சொன்னாள் என்றேன். சுத்தமான தெலுங்கில் சொன்னேன்.

விஷப் புழுவைத் தொடச் சொல்கிறவளை எப்படி வைத்துக்கொள்வது என்று மேடம் என்னிடமே வருத்தப்பட்டார். வருடக் கடைசியில் என்னை வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது செல்வி ஒன்றுதான் கேட்டாள்.

"வெரல் ஆறிப்போச்சாக்கா?"

அந்தத் தோப்பு இருந்த இடத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அவள் கண்டுபிடித்த புழுக்களின் பாட்டில்களில் என் பெயர்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் படம் எடுத்தால் போனே பெயரைச் சொல்லிவிடுகிறது. கறிவேப்பிலைப் புழுவை நானும் படம் எடுத்தேன். போன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவளாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பாள் என்று எரிச்சல்தான் வந்தது.

செல்விகி சூப்பிஞ்சு. காட்டலாம்தான். அவள் நம்பர் என்னிடம் இல்லை.