தொப்புள் இருந்த கோலிக்குண்டு

அன்புள்ள பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு. வீட்டுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்கள் கையிலெல்லாம் இந்த நினைவு மலர் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று பெரிய பிழை. அவர் இருக்கும்போதே அதைத் திருத்தியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஜேடர்பாளையத்தில், வாழையும் கரும்பும் வைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். இருந்த நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் காணாது என்று தெரிந்ததும், பத்தொன்பது வயதில் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறிவிட்டார். நான் பிற்பாடு சங்ககிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தேன்.

வண்டி போகாத மாநிலம் இல்லை. கூட இருந்தவர்கள் ஊர் திரும்பும்போது சேலையும் கம்பளியும் வாங்கி வருவார்கள். பெரியப்பா பழைய கோலிக்குண்டுகளைக் கொண்டு வருவார். போர் போட்ட வீடுகளிலும் பூட்டிக் கிடந்த மளிகைக் கடைகளிலும் கேட்டு வாங்கியவை அவை. "ஊரெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, கோலிக்குண்டோட வாராரு பாரு எங்கண்ணன்" என்று நான் கேலி பேசியதுண்டு.

ராஜஸ்தானில் ஒரு நாள் பைப் ஏற்றும்போது அது நழுவி அவர் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பாதி இந்தியாவைப் பார்த்தவருக்கு, பத்துக்கு எட்டு அறையில் ஒரு கட்டில். தலைமாட்டில் சுவர். கால்மாட்டில் சுவர். ஜன்னல் ஒன்றுதான். ரோட்டில் ரிக் வண்டி போனால், சத்தத்தை வைத்தே காலியாகப் போகிறதா, பைப்போடு போகிறதா என்று சொல்வார். பன்னிரண்டு வருடம் இப்படி.

அந்த அறைக்குள் அவருக்கென்று இருந்தது அந்தக் குண்டுகளும் ஒரு கோடு போட்ட நோட்டும்தான். குண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் சுற்றிலும் தடவுவார். உள்ளே நிறம் பூ இதழ் மாதிரி வளைந்திருந்தால் மிசினில் வார்த்தது என்பார். ஒரே நிறமாக, உள்ளே காற்றுக்குமிழோடு இருந்தால் சோடா பாட்டில் குண்டாக இருக்கும் என்பார். கையால் செய்த குண்டில், சூடான கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்த இடம் சொரசொரவென்று நிற்குமாம். அதற்கு அவர் வைத்த பெயர் தொப்புள். "மனுசனுக்குப் போலத்தாண்டா. தொப்புள் இருந்தா, ஒருத்தரு கையில பொறந்ததுன்னு அர்த்தம்."

அவரிடம் இருந்ததில் உசத்தியானது, பழுப்பும் வெள்ளையும் குழைந்த ஒரு பெரிய குண்டு. ஒடிசாவில், துறைமுகம் இருந்த ஒரு பழைய ஊரில் கிடைத்தது. அது ஜெர்மனியில் கையால் செய்தது என்பது அவர் கட்சி. அந்த மாதிரி நிறக்குழைவு மிசின் குண்டிலும் வரும் என்பதால், அவருக்கு இருந்த ஒரே சாட்சி தொப்புள்தான்.

ஆத்தூரில் சவ்வரிசி மில் வைத்திருக்கும் ஒருவர் பழைய கண்ணாடிச் சாமான் சேர்ப்பவர். உங்கள் அம்மா போனில் அவருக்கு அந்தக் குண்டின் படமும் தொப்புள் விவரமும் அனுப்பி வைத்தாள். "படத்துல சரியாத் தெரியலை, நானே நேர்ல வந்து தடவிப் பாக்கறேன்" என்று அவர் பதில் சொன்னார். பிள்ளைகளே, அந்த அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். பெரியப்பாவின் அறிவைத் தேடி ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. அவர் சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை கேட்டார். "தம்பி, கட்டில வாசலப் பாத்துத் திருப்பிப் போடு. வாரவரு மொகத்தப் பாத்துப் பேசோணும்" என்றார்.

நானும் என் பங்குக்கு ஏதாவது செய்ய நினைத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு கல்லில் சொரசொரப்பு தெரிந்தால் அதை வெளியே அனுப்பமாட்டோம். கை அப்படியே பழகிவிட்டது. தொப்புள் என்று அவர் சொன்னதைப் பல தடவை காதில் வாங்கியிருக்கிறேன், மனதில் வாங்கவில்லை. இத்தனை நல்ல குண்டில் இப்படி ஒரு அசிங்கமா என்றுதான் தோன்றியது. முந்தின நாள் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், கல்லுக்குப் போடுவது போலவே பாலிஷ் போட்டேன். கண்ணாடி போல மின்னியது. மறுநாள் மில்காரர் வந்து இறங்கும்போது, சத்தமில்லாமல் அவர் குண்டு டப்பாவில் திரும்ப வைத்தேன்.

நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மில்காரர் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொப்புள்னு சொன்னீங்களே, எங்க இருக்கு? இது பாலிஷ் போட்ட குண்டாச்சே!"

பெரியப்பா வாங்கித் தடவினார். கட்டைவிரல் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. ஓர் இடத்தில் நின்றுவிட்டது. காபி டம்ளரோடு வாசலில் நின்ற என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் தேய்த்து எடுத்த சொரசொரப்புதான் தொப்புள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நாந்தானுங்க போடச் சொன்னேன். நீங்க வாரீங்கன்னு, பாக்க அழகா இருக்கட்டுமேன்னு…"

"விஷயம் தெரிஞ்சவர் பண்ற வேலையா இது? இனிமே இது கையில செஞ்சதா மிஷின்ல செஞ்சதான்னு யார் வந்தும் சொல்ல முடியாதே!"

"ஆமாங்க. புத்தி கெட்டுப் போச்சுங்க."

மில்காரர் மற்ற குண்டுகளைப் பார்க்கவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கார் போன பிறகு பெரியப்பா என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். "கட்டிலப் பழையபடி திருப்பிப் போட்டுரு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் நீங்கள் வந்து சிரித்தீர்கள். "ஏனுங் பெரியப்பா, தொப்புள் தொப்புள்னு சொல்லிப்போட்டு நீங்களே அழிச்சுட்டீங்களாமா?" அவரும் கூடச் சிரித்தார். "வயசாச்சல்லொ சாமி!" அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருடமும், அவருக்குக் கால் இல்லாததைப் போல எனக்கு நாக்கு இல்லை. தினம் காலையில் அவர் முதுகைத் துடைத்து விடுவேன். வார்த்தை தொண்டை வரை வரும். "மெதுவா, தம்பி" என்பார். அது உள்ளே போய்விடும். அவர் அந்த அறையை விட்டு வெளியே வராதவர். நானும் அதே அறையில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

போன ஐப்பசியில், சளி நெஞ்சில் கட்டி நான்கே நாளில் போய்விட்டார்.

அவரைக் கடைசி வரைக்கும் மனம் கோணாமல் பார்த்துக்கொண்ட உங்கள் அம்மாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வீட்டுக்கே வந்த டாக்டருக்கும், தூக்கி உட்கார வைக்கத் தோள் கொடுத்த பக்கத்து வீட்டுப் பங்காளிகளுக்கும், வண்டியை நிறுத்திவிட்டு வந்து இறுதி வரை நின்ற ரிக் நண்பர்களுக்கும் என் கும்பிடு.

பெரியப்பா தன் குண்டைத் தானே கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். அவர் சொன்னது சரி, அதில் தொப்புள் இருந்தது. மில்காரருக்கும் இந்த மலரில் ஒன்றை அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காகத்தான் அவர் நோட்டை முதன்முதலாகத் திறந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பக்கம். பழுப்புக் குண்டின் பக்கத்தில், மில்காரர் வந்து போனதற்குப் பிறகு வேறு மையில் எழுதிய வரியும் இருக்கிறது. அப்படியே கீழே தருகிறேன்.

"கிடைத்த இடம்: ஒடிசா. செய்த இடம்: ஜெர்மனி, கைவேலை. மெருகு: சங்ககிரி, என் தம்பி. அதுவும் கைவேலைதான்."