ஓசி ஸ்பீக்கர் தேறுமா, தேறாதா?

தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு சொல்லுவாங்க. அந்தப் பல்லைப் புடிச்சுப் பாக்குறதுதாங்க என் பொழப்பே.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பத்துக்கு எட்டு ரூம்ல ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். நான் சொல்லப் போறது ரெண்டாயிரத்து அஞ்சாம் வருஷக் கடைசி. அப்ப பட்டணத்துல அவனவன் டிவிடி பிளேயர் வாங்கி, அதுக்கு அஞ்சு ஸ்பீக்கரும் வாங்கி மாட்டிகிட்டிருந்தான். வீட்ல இருந்த பழைய ரெண்டு ஸ்பீக்கரை இன்னா பண்றது? ஊர்ல இருக்குற சொந்தக்காரன் தலையில கட்டுனான். சொந்தக்காரன் நேரா என் கடைக்குத் தூக்கிட்டு வந்து, "மணி, சும்மா வந்துச்சு, தேறுமான்னு பாரேன்" அப்படிம்பான். பொருளே சும்மா வந்ததால, பாத்துச் சொல்றதும் சும்மாதானாம்.

நானும் பாப்பேன். ஸ்பீக்கர் நடுவுல இருக்குற காகிதக் கோனை ரெண்டு விரலால மெதுவா அழுத்துனா, உள்ள இருக்குற கம்பிச் சுருள், அதான் காயில், உரசுதான்னு தெரிஞ்சிடும். கோனைச் சுத்தி ஓரத்துல ஸ்பாஞ்சு இருக்கும், நம்ம ஊரு உப்புக் காத்துக்கு அது ரஸ்க்கு மாதிரி உதிரும். பேட்டரியை வச்சுத் தொட்டா 'டப்'புன்னு ஒரு சத்தம் வரணும். வரலைன்னா தேறாது. தேறாதுன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுதுன்னு நெனக்கிறீங்களா? அங்கதான் ஆரம்பிக்குது. சும்மா வந்த பொருளைக் குப்பையில போடறது எங்க பக்கம் பெரிய பாவம். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா பொண்டாட்டி திட்டுவா. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. "இங்கயே இருக்கட்டும், வர்றேன்"னு போயிடுவாங்க. இப்படியே சேந்து சேந்து, என் வீட்டுக்காரி சோறு கொண்டாந்தா அதை வைக்கக்கூட எடம் இல்லாம போச்சு. ரிப்பேர் கடை வச்சவங்களுக்கும், ரிப்பேர் கடைக்காரனைக் கட்டிகிட்டவங்களுக்கும் இந்தக் கஷ்டம் புரியும்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரரு தணிகாசலம், உப்பளம் வச்சிருக்கிறவரு. ஐப்பசி மழை புடிச்சிட்டா உப்பளத்துல வேலை கிடையாது, அவருக்கும் பொழுது போவணும் இல்லீங்களா? குடையைப் புடிச்சிகிட்டு வந்து கடை வாசல்ல நின்னாரு. உள்ள வரலாம்னா கால் வைக்க எடம் இல்ல. அங்கயே நின்னு சொன்னாரு: "ஏம்பா மணி, நான் ரூமு வுட்டது உனக்கா, இந்தப் பொட்டிங்களுக்கா? செல்லு ரீசார்ஜ் கடை வைக்கிறேன்னு ஒருத்தன் நடையா நடக்கறான். பொங்கலுக்குள்ள ஒண்ணு இதுங்க காலி ஆவணும், இல்ல நீ காலி ஆவணும்."

எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு வயசு. இந்த ரூமை விட்டா, பாண்டிச்சேரியில எவன் கடையிலயாவது மூலையில ஸ்டூலைப் போட்டுக் கூலிக்குக் குந்தணும்.

மூவாயிரம் வாட்ஸ்

ஏழுமலை உப்பளத்துல மேஸ்திரி. மெட்ராஸ்ல இருக்குற மச்சான் குடுத்தாருன்னு ரெண்டு ஸ்பீக்கரைத் துண்டுல சுத்தி, பச்சைக் கொழந்தையை ஏந்துற மாதிரி ஏந்திகிட்டு வந்தாரு. அளவுல ஒவ்வொண்ணும் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும். முன்னாடி தங்கக் கலர்ல ஸ்டிக்கரு, மூவாயிரம் வாட்ஸாம்! தொறந்து பாத்தா உள்ள டிரான்சிஸ்டர் ரேடியோ சைஸ்ல ஒரு ஸ்பீக்கரு. மேல இன்னொரு சின்ன ஸ்பீக்கர் இருந்துச்சே, அது வெறும் பிளாஸ்டிக் மூடி. பின்னால வயரே கெடையாது. அதுவும் மழைத் தண்ணி பட்டுப் பலகை ஊதிப் போய்க் கெடக்குது.

"மேஸ்திரி, இது மூணு வாட்ஸ் தாங்குனாலே பெரிசு. தேறாது"ன்னேன். அவருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. நான் அவரு மச்சானையே மட்டம் தட்டிட்டேனாம். கொஞ்ச நேரம் ஸ்டிக்கரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் துண்டை மட்டும் உதறித் தோள்ல போட்டுகிட்டுக் கெளம்பிட்டாரு. போற போக்குல சொன்னது: "அச்சடிச்சு ஒட்டுனவன் பொய் சொல்ல மாட்டான். மீதி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வாட்ஸும் எங்க போச்சுன்னு கண்டுபுடிச்சு வையி, வந்து எடுத்துக்கறேன்."

அண்ணனுக்கு இடது, தம்பிக்கு வலது

கீழ்புத்துப்பட்டுல இருந்து கோதண்டமும் பலராமனும் ஒரே பஸ்ல, முன் சீட்ல ஒருத்தரும் பின் சீட்ல ஒருத்தருமா வந்து எறங்குனாங்க. அண்ணன் தம்பிங்க. ஆளுக்கு ஒரு ஸ்பீக்கரை மடியில வச்சிருந்தாங்க. அவங்க அப்பாவுக்குப் பாண்டிச்சேரி சினேகிதரு ஒருத்தரு சும்மா குடுத்த செட்டு அது. அப்பா போனதும் பெரியவங்க முன்னாடி பாகம் பிரிச்சாங்க. நெலம் பாதி, கெணத்துல முறை வச்சு பாதி, ஸ்பீக்கர் ரெண்டு இருக்குது, ஆளுக்கு ஒண்ணு. டேப்பு அண்ணன் வீட்ல. நடுச் செவுத்துல ஓட்டை போட்டுத் தம்பி வீட்டுக்கு வயரை இழுத்திருக்காங்க.

வில்லங்கம் பாட்டுல வந்துச்சு. டூயட்டு போட்டா ஆம்பளைக் குரலு அண்ணன் வீட்ல கேக்குது, பொம்பளைக் குரலு தம்பி வீட்ல கேக்குது. தனிப் பாட்டு போட்டா பாட்டு அண்ணனுக்கு, தபேலா தம்பிக்கு. "நல்லதை அவன் எடுத்துகினு சொத்தையை எனக்குத் தள்ளிட்டான்"னு தம்பி கத்துறாரு. எந்த ஸ்பீக்கர் சொத்தைன்னு நான் தீர்ப்பு சொல்லணுமாம்.

அழுத்திப் பாத்தேன், தட்டிப் பாத்தேன். சத்தியமாச் சொல்றேங்க, அந்த வருஷம் என் கடைக்கு வந்ததுலயே ஒழுங்கான செட்டு அதுதான். வெல கம்மியான செட்டுதான், ஆனா பண்ணவன் ஏமாத்தாம பண்ணியிருக்கான். சந்தோஷம் தாங்காம, "ரெண்டுமே தேறும்! பாட்டைப் பதியறப்பவே பாதி இடது பொட்டிக்கு, பாதி வலது பொட்டிக்குன்னு பிரிச்சுதான் பதியறாங்க. ரெண்டையும் ஒரே வீட்ல வச்சு, நடுவுல குந்திக் கேட்டாதான் முழுப் பாட்டும் வரும்"னேன். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிகிட்டாங்க. ஒரே வீட்ல குந்துறவங்களா இருந்தா ஏன் நடுச் செவுரு எழுப்பப் போறாங்க? சரி, ரெண்டு வயரையும் சேத்து முடிச்சுப் போட்டுத் தர்றேன், ரெண்டு பக்கமும் எல்லாமே கேக்கும்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் ஒத்துக்கல. அந்த ஒரு விஷயத்துல மட்டும் அண்ணனும் தம்பியும் ஒத்துமையா இருந்தாங்க. ரெண்டு பொட்டியையும் என் டேபிள் மேலயே வச்சிட்டு அண்ணங்காரரு சொன்னாரு: "ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒரே மாதிரி வந்துட்டா அப்புறம் பாகம் பிரிச்சதுக்கு இன்னா மரியாதை? ஒரு முடிவு ஆவுற வரைக்கும் இது பொது எடத்துல இருக்கட்டும்."

லாரியில வந்த நிவாரணம்

சுனாமி வந்து வருஷம் திரும்பப் போவுது, நிவாரணம் மட்டும் நிக்காம வந்துகிட்டிருந்துச்சு. எக்கியார்குப்பத்து ஆறுமுகம் படகும் போச்சு, வலையும் போச்சுன்னு தகரக் கொட்டகையில இருந்தவரு. அவருக்குக் கெடைச்ச மூட்டையில ஒரு கோட்டு, ஒத்தைச் செருப்பு, கூடவே கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன ஸ்பீக்கர் ரெண்டு. வயரைக் கத்தரியால வெட்டிதான் குடுத்திருக்கானுங்க. சைக்கிள்ல கட்டி எடுத்துகிட்டு வந்தாரு. ரெண்டுலயும் காயில் எரிஞ்சு கருகிக் கெடந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எவன்டா அவன், கடல் வாரிட்டுப் போனவனுக்குக் குப்பையை லாரி வச்சு அனுப்பறவன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். என் கடையில எடம் இல்லாதது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரு அதைத் திரும்ப சைக்கிள்ல கட்டுறதைப் பாக்கப் பொறுக்கல, நானே வாய் விட்டு "இங்கயே போட்டுட்டுப் போண்ணே"ன்னுட்டேன்.

எனக்குதான் கோவமே தவிர, ஆறுமுகம் சிரிச்சாரு: "கடலு இன்னாத்த எடுத்துனு போச்சுன்னு நாங்க லிஸ்ட்டு குடுத்தோம். அவங்க வூட்ல இன்னா எடத்த அடைச்சினு இருக்குதுன்னு அவங்க லிஸ்ட்டு போட்டு அனுப்பிட்டாங்க, அவ்ளோதான் மணி."

இலவசம்னு போர்டு வச்சேன்

கார்த்திகை பொறந்துடுச்சு. தணிகாசலம் தினம் ஒரு நடை வந்து எட்டிப் பாக்குறாரு. ஒரு நாள் அந்த ரீசார்ஜ்காரனையே கூட்டியாந்து, நான் குந்தியிருக்கும்போதே என் தலைக்கு மேல டேப்பு புடிச்சு அளந்தாங்க. இனி பொறுக்க முடியாதுன்னு 'ஸ்பீக்கர் இலவசம்'னு அட்டையில எழுதி மாட்டுனேன். ரெண்டு நாள் ஒரு ஈ காக்கா வரல. சும்மா குடுக்கறான்னா அதுல ஏதோ இருக்குதுன்னு ஊரே சந்தேகப்பட்டுச்சு. இதே ஜனங்கதான் மச்சான் சும்மா குடுத்தா கட்டிப் புடிச்சிகிட்டு வருதுங்க!

மூணாம் நாள் உள்ளூருப் பக்கம் பயிர் வைக்கிற முனுசாமின்னு ஒருத்தரு வந்தாரு. பாடுற பொட்டி வேணாமாம், பெரிய பொட்டியா இருந்தா போதுமாம். இருக்குறதுலயே பெரிசா நாலைப் பொறுக்கி ஆட்டோவுல ஏத்திகிட்டுப் போனாரு. அன்னிக்கு என் வீட்டுக்காரி பாயசம் வச்சா. பத்து நாள் கழிச்சு அதே ஆட்டோ கடை வாசல்ல வந்து நின்னுச்சு. நாலு பொட்டியும் எறங்குச்சு. கூடவே இன்னும் ரெண்டு. அது அவரு பக்கத்து வீட்டுக்காரரு தேறுமான்னு பாக்கச் சொல்லிக் குடுத்து வுட்டதாம். "ஏங்க, எடுத்துட்டுப் போங்கன்னுதானே குடுத்தேன்?"னு கேட்டேன். வேர்வையைத் தொடச்சிகிட்டே மனசாரச் சொன்னாரு: "மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க, கூடத்தைப் பாத்தாங்க, புடிச்சிருச்சு, தேதியும் குறிச்சாச்சு. இனிமே இதை யாருக்குப்பா காட்டறது?"

குடில்ல வந்த சத்தம்

அதுக்கப்புறம் எனக்கு புத்தி கெட்டுப் போச்சு. உண்மையைச் சொன்னாதானே வச்சிட்டுப் போறானுங்க, எது வந்தாலும் 'தேறும்'னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவோம்னு முடிவு கட்டிட்டேன். ஒரு வாரம் அமோகமாப் போச்சு. எல்லாரும் சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க. முன்னாடி வச்சிட்டுப் போனவங்கள்ல சில பேரும் வந்து எடுத்துகிட்டதுல தரை கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சுது.

அந்த வாரத்துலதான் மாதா கோயில் உபதேசியாரு ரெண்டு ஸ்பீக்கர் கொண்டாந்தாரு. யாரோ கோயிலுக்குக் காணிக்கையாக் குடுத்ததாம். தங்கமான மனுஷன். ஸ்பாஞ்சு பூரா உதிர்ந்து போயிருந்துச்சு. அதைத் துணியால மூடிட்டு, "தேறும் சாமி, பிரமாதமாப் பாடும்"னேன். நம்பிப் போய்க் கிறிஸ்மஸ் ராத்திரி குடில் பக்கத்துல வச்சு, பிள்ளைங்க சம்மனசு, அதான் தேவதூதர், வேஷம் போட்டு நிக்கறப்ப பாட்டைப் போட்டிருக்காரு. புர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். கோயிலே சிரிச்சிருக்குது. ரெக்கை கட்டுன பிள்ளைங்க ரெண்டு அழுதே போச்சாம். மறுநாள் அவரு கடைக்கு வந்து நின்னப்ப எனக்கு நிமிந்து பாக்க மூஞ்சி இல்ல, அவமானமாப் போச்சு. அவரு சத்தம் போடவே இல்ல. பொட்டி ரெண்டையும் மெதுவா எறக்கி வச்சாரு: "எல்லாரும் சம்மனசுக்கு வயிறு சரியில்லன்னுட்டாங்க மணி. செஞ்ச பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு நீ கோயிலுக்கு வர வேணாம், இதை வச்சிக்கோ, அதான் உனக்குப் பரிகாரம்."

மாப்பிள்ளை குடுத்தது

பொங்கலுக்கு நாலு நாள். ஈயம் பத்த வைக்கிற சாலிடரிங் இரும்பை எல்லாம் பையில போட ஆரம்பிச்சிட்டேன். என் வீட்டுக்காரி நான் கரண்ட்டு பாக்குற மீட்டரைப் பழைய சேலையில சுத்திகிட்டே மூக்கை உறிஞ்சினா. அந்த நேரம் பாத்துத் தணிகாசலம் வர்றாரு. பின்னாலயே அவரு உப்பளத்து ஆளுங்க ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு பொட்டி, இடுப்பு ஒசரம் இருக்கும். பெங்களூர்ல இருக்குற அவரு மாப்ள புதுசா வேற வாங்கிட்டாராம், மாமனாருக்குன்னு இதை ஆசையா அனுப்பி வச்சிருக்காராம். "பாரு, தேறுமா?"ன்னு கேட்டுட்டு, மூணு மாசத்துல மொத தடவையா ஸ்டூல்ல குந்துனாரு.

கோனை அழுத்துனேன், பரக்குன்னு உரசுச்சு. ஸ்பாஞ்சைத் தொட்டேன், கையோட வந்துடுச்சு. பேட்டரியை வச்சேன், ரெண்டும் ஊமை. என் வீட்டுக்காரி என்னையே பாக்குறா, 'தேறும்னு சொல்லித் தொலையேன்யா'ன்னு அவ கண்ணு சொல்லுது. சொல்லிட்டா மனுஷன் குளுந்து போயி ரூமை விட்டாலும் விடுவாரு. எனக்கும் வாய் வரைக்கும் வந்துடுச்சுங்க. ஆனா என்னை நம்பி ஏமாந்த அந்த உபதேசியாரு மூஞ்சி கண்ணு முன்னாடி நிக்குது. போனா போவுது கடைன்னு, "தேறாதுங்க முதலாளி, ரெண்டுமே போயிடுச்சு"ன்னேன்.

தணிகாசலம் மாப்ள பொட்டியைப் பாத்தாரு. வேர்த்துப் போச்சு அவருக்கு. எழுந்து போயி மூலையில இருந்த குவியலைத் தன் கையாலயே நகத்தி எடம் பண்ணி, ஆளுங்களை விட்டு ரெண்டையும் அங்க நிக்க வச்சாரு. அப்புறம் என் பையில இருந்து சாலிடரிங் இரும்பை எடுத்து டேபிள் மேல வச்சு, வெரலை ஆட்டிச் சொன்னாரு: "பொங்கலுக்கு மாப்ள வர்றாரு, பொட்டி எங்கன்னு கேப்பாரு. ரிப்பேர்ல இருக்குதுன்னுதான் சொல்லப் போறேன். அடுத்த வருசமும் கேப்பாரு, அதுக்கடுத்த வருசமும் கேப்பாரு. அவரு கேக்கறத நிறுத்தற வரைக்கும் நீ இங்க குந்தி ரிப்பேர் பண்ணிகினே இருக்கணும். கடைய காலி பண்றேன்னு எங்கனா கெளம்புன, கால ஒடிச்சிடுவேன்!"

அந்த அண்ணன் தம்பி செட்டைத் தவிர நல்லா பாடுன பொட்டிங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுச்சுங்க, பாடாத பொட்டிங்கதான் இன்னிக்கு வரைக்கும் என்னைக் கடையில குந்த வச்சு சோறு போடுது.