ஓரத்தில் ஒரு துளி

மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு பல்குச்சி டப்பா இருக்கும். திண்டிவனத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. டப்பா என் அண்ணியுடையது. கிருமிக்குச் சாயம் போடும் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் தன் பல்லிடுக்கில் சுரண்டியதைக் கொஞ்சம் தடவி வைப்பார். வாயில் இரண்டு வகைக் கிருமியும் உண்டு. தடித்த சுவர் உள்ளவை ஊதாச் சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவர் உள்ளவை ஸ்பிரிட்டில் கழுவியதும் அதை விட்டுவிட்டு, கடைசியில் ஊற்றும் சிவப்பை வாங்கி இளஞ்சிவப்பாகும். ஓரத்தில் இரண்டு நிறமும் தெரிந்தால்தான் நடுவில் தடவிய நோயாளியின் சாம்பிளில் தெரிவதை நம்ப வேண்டும் என்பார். "ஒங்க வாயில இருக்கறத ஊருக்கே காட்றீங்களே அண்ணி" என்று கிண்டல் செய்வேன். "சாட்சி வேணும்ல" என்பார்.

அன்று விழுப்புரத்திலிருந்து நான் வந்த பஸ் தாமதம். அதற்குள் அண்ணியின் மூன்று வயது மகன் காய்ச்சலும் விறைத்த கழுத்துமாக மாடி வார்டில் சேர்க்கப்பட்டிருந்தான். எனக்கு அது தெரியாது. உள்ளே நுழைந்தபோது அண்ணி சாயம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். முதுகுத்தண்டில் எடுத்த நீர் சின்னக் கண்ணாடிக் குழாயில் கலங்கலாக இருந்தது. குழாயில் எழுதியிருந்த பெயர்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"யாருதுன்னு கேக்காத. பாத்துட்டு கலர மட்டும் சொல்லு."

அவர் சாயம் போட்டு வைத்திருந்த ஸ்லைடைப் பார்த்தேன். இரண்டிரண்டாக ஒட்டிய உருண்டைகள், இளஞ்சிவப்பு. சொன்னேன். அதற்குள் வார்டு டாக்டர் போனில் வந்துவிட்டார். சாயத்துக்குக் காத்திராமல் ஒரு மருந்தைத் தொடங்கியிருந்தார். ஊதா என்றால் உடனே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் கேட்டார். அண்ணி போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நான் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கேயும் எல்லாமே இளஞ்சிவப்பு.

"அண்ணி, ஓரத்துல ஊதாவே இல்லியே."

அவர் முகம் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. "சார், இந்த ஸ்லைட நம்பாதீங்க. கழுவறப்ப கை அப்படியே நின்னுபோச்சு, ஸ்பிரிட்டு ஓடிக்கினே இருந்துச்சு. இன்னொண்ணு போட்டுட்டு சொல்றோம்."

ஸ்பிரிட் அதிகமாக ஓடினால் தடித்த சுவரும் ஊதாவை விட்டுவிடும். குழாயின் அடியில் இன்னொரு ஸ்லைடுக்குத்தான் நீர் இருந்தது. "நீ போடு. என்னால ஆவாது" என்றார். "இன்னாண்ணி ஆச்சு இன்னிக்கு?" என்று எரிச்சலோடுதான் கேட்டேன். பல்குச்சியால் சுரண்டி நீட்டினார். ஊதா, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு என்று நான் ஊற்றி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஸ்லைடு காய்வேனா என்றது. முதலில் ஓரத்தைப் பார்த்தேன். இரண்டு நிறமும் இருந்தன. பிறகு நடுவுக்கு வந்தேன். அதே ஜோடி உருண்டைகள், நல்ல ஊதா.

டாக்டரிடம் சொல்லிவிட்டு அண்ணி தரையில் உட்கார்ந்தார். "நம்ம புள்ளடி" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் எப்படி மறைக்கலாம் என்று ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. தெரிந்திருந்தால் என் கையும் தொட்டியில் நின்றுபோயிருக்கும் என்பது மெல்லத்தான் உறைத்தது.

பிள்ளை பிழைத்தான். இடது காது மட்டும் போய்விட்டது. அண்ணி அதன்பிறகு சாயமே தொடவில்லை. "கலரே வேணாம், நம்பர் போதும்" என்று சர்க்கரை, உப்பு பார்க்கும் மெஷினுக்குப் போய்விட்டார். டப்பா என் மேசைக்கு வந்தது. இப்போது எந்தக் குழாயை எடுத்தாலும், வெளியே யார் காத்திருக்கிறார்களோ என்று ஒரு பயம் வந்துவிட்டுத்தான் போகிறது.

பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான்; சனிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் லேபுக்கு வருவான். வலது காது என் பக்கம் இருக்கும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். போன வாரம் நான் டப்பாவைத் திறந்ததும் வாயைத் திறந்து காட்டினான்.

"என்னுதுல எடுத்துக்க அத்த."

எடுத்தேன். சாயம் போட்டுக் காயவைத்து ஓரத்தைப் பார்த்தேன். ஊதாவும் இருந்தது, இளஞ்சிவப்பும் இருந்தது.