ஹலோ அக்காவின் வர்க்கமூலம்

என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரில் இருந்து வாசல் காவலாளி வரைக்கும் அப்படித்தான். அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு பொந்து; அதில் ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, பொத்தான்கள் வரிசையாக வைத்த பெட்டி. ஏன் இந்த அறை என்று கேட்டபோது நிர்வாகி சொன்னாராம், “அவங்களுக்கு எதுக்கும்மா ஜன்னல்?” ஜன்னல் வழியாகக் காற்றும் வரும் என்பது அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

ஆமாம், அவளுக்குக் கண் தெரியாது. நடக்கப் பழகின வயதில் வந்த காய்ச்சல் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. அவள் புலம்பியது, புலம்பினாள் என்று கூடச் சொல்லக் கூடாது, கொதித்தது, வேறு ஒன்றுக்காக. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் இருந்து விலக்கு உண்டு. பதிலுக்குப் பாட்டு படித்தால் போதும். கணக்கு வகுப்பு மணி அடித்ததும் அவளையும் இன்னும் சில பெண்களையும் வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். அவளுக்கோ கழுதைக் குரல், இது அவளே சொல்வது. ஆனாலும் பாட்டில் பாஸ் போட்டார்கள். அந்த வயதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது: பாடாத எனக்குப் பாட்டில் பாஸ் போடுகிறவர்கள், கணக்கைச் சொல்லிக்கொடுக்காமலே வராது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் எனக்கு வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மேல் காலை வைத்திருப்பதுதான் தொழில். ஒரு நாள் சாயங்காலம் களைத்துப் போய் வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, நாத்தனார் கேட்டாள்.

“அண்ணி, ரூட் டூன்னா எவ்வளவு?”

“ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு நாலு,” என்றேன். மனப்பாடம் செய்தது எதுவும் வீண் போவதில்லை.

“அதோட முடிஞ்சிடுதா?”

“முடியாது. போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் அது விகிதமுறா எண்.”

“ஒண்ணை மூணால வகுத்தாலும் மூணு மூணா போய்க்கிட்டேதானே இருக்கு? அது மட்டும் எப்படி விகிதமுறு எண் ஆச்சு?”

நான் செருப்பைக் கழற்றினேன். வேறு என்ன செய்வது? பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவள் நான். விகிதமுறா எண் என்றால் முறைதவறி நடக்கிற எண் போல என்று நினைத்துக்கொண்டே தேறியிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாளே பழைய புத்தகக் கடையில் கணக்குப் புத்தகம் வாங்கி வந்தேன். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். பாதியில் நிறுத்தச் சொல்லி அவள் யோசிப்பாள். அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஒன்றின் கீழ் மூன்று முடியாமல் போனாலும் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, இரண்டு முழு எண்களின் விகிதமாக அதை எழுதிவிடலாம், ஆகவே அது விகிதமுறு எண். ரூட் டூவை எந்த இரண்டு முழு எண்களை வைத்தும் அப்படி எழுத முடியாது. முறையும் இல்லை, முறைகேடும் இல்லை. விகிதமாக எழுத வருமா வராதா, அவ்வளவுதான் சங்கதி. இதை அவள் எனக்கு விளக்கினாள், வாசித்தது நான்.

“அப்ப எல்லா ரூட்டும் இப்படித்தானா?” என்றேன்.

“நாலோட ரூட் ரெண்டு. அது சமத்தா அடங்கிடுது. ரெண்டோட ரூட்தான் அடங்க மாட்டேங்குது.”

சமையலறைத் தரையில் சதுர டைல் பதித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு டைலின் ஓரத்தையும் அதன் மூலையில் இருந்து எதிர்மூலைக்குப் போகும் கோட்டையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஓரத்தின் நீளத்தை ஒன்று என்று வைத்தால் குறுக்குக் கோடுதான் ரூட் டூ. ஓரத்தில் ஐந்து முறை சரியாக அடங்குவது போல ஒரு துடைப்பக் குச்சியை வெட்டித் தரச் சொன்னாள். அதையே குறுக்கில் வைத்துக்கொண்டு போனாள். ஏழு முறை அடங்கியது.

“வந்துடுச்சே! ஏழின் கீழ் அஞ்சு!” என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் கூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அவள் நகத்தால் அந்த மூலையைச் சுரண்டிப் பார்த்தாள். “இல்ல அண்ணி, துளி மிச்சமிருக்கு. ஏழேழு நாப்பத்தொம்போது. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, ரெட்டிச்சா அம்பது. ஒண்ணு இடிக்குது.”

“இன்னும் சின்னதா வெட்டுவோம்.”

“எவ்வளவு சின்னதா வெட்டினாலும் இடிக்கும். கத்தி மேல தப்பில்ல.”

ஏன் இடிக்கும் என்ற நிரூபணத்தை அப்போதுதான் சொன்னாள். “ரூட் டூவ ஒரு பின்னமா எழுதிட்டோம்னு வச்சுக்குவோம். சுருக்க முடிஞ்ச வரைக்கும் சுருக்கியாச்சு. மேல இருக்கறதோட வர்க்கம், கீழ இருக்கறதோட வர்க்கத்தப் போல ரெண்டு மடங்கு. அப்ப மேல இருக்கறது இரட்டைப்படைதான். அப்படின்னா அதோட வர்க்கத்துல நாலு ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ரெண்டால வகுத்தா, கீழ இருக்கறதோட வர்க்கமும் எதோ ஒண்ணுக்கு ரெண்டு மடங்காயிடும். கீழயும் இரட்டைப்படை. ரெண்டுமே இரட்டைப்படைனா இன்னும் சுருக்கலாமே? ஆனா சுருக்கி முடிச்சாச்சுன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சோம்? அப்ப ஆரம்பமே பொய்.”

அன்றைக்குத்தான் சொன்னாள், பள்ளியில் விட்டுப்போன கணக்குப் பரீட்சையை எழுதப் போகிறேன் என்று.

தேர்வு அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் அவளைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

“இவங்களுக்குத்தான் விலக்கு இருக்கே?”

“அது எனக்கு வேணாம் சார்,” என்றாள் அவள்.

“சலுகை மா. கணக்கு எழுத வேணாம்னு சலுகை.”

“எழுத வேணாம்னா எனக்குச் சலுகை. எழுதக் கூடாதுன்னா அது விலக்கு இல்ல சார், விலக்கி வக்கிறது.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அலைய விட்டார்கள், அலைந்தோம். ஒருவழியாக அனுமதி வந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை அவர்களே தருவார்கள். ஒரு நிபந்தனை: எழுதுகிற ஆளுக்குக் கணக்குத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவாராம்.

வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தங்கமான மனுஷர், முத்து முத்தான கையெழுத்து. பிறகு பரீட்சைக் கூடத்து வாசலில் நின்று, கண் கலங்கி, நடந்ததை என்னிடம் சொன்னவரும் அவர்தான்.

கேள்வித்தாளில் அதே ரூட் டூ வந்திருந்தது. நாத்தனார் குஷியாகிவிட்டாள். “ரூட் டூ, ஈக்வல் டூ, பி பை கியூ,” என்று ஆரம்பித்தாள். பேனா நகரும் சத்தம் வழக்கத்தை விட அதிக நேரம் கேட்கவே, “என்ன ஐயா எழுதினீங்க?” என்று கேட்டிருக்கிறாள். பஸ் ரூட்டை எழுதுவது போல ‘ரூட்டு 2’ என்று அழகாக எழுதியிருந்தார் அவர். பி ஸ்கொயர் என்றதற்குப் பக்கத்திலேயே ஒரு சதுரக் கட்டம் வரைந்திருந்தார்.

“அது ஒரு டிக் அடிச்சு, மேல கூரை மாதிரி கோடு...” என்று அவள் சொல்ல வாயெடுத்ததும் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

“இங்க பாருங்க, விடைய மட்டும் சொல்லணும். அவருக்குப் பாடம் நடத்தக் கூடாது.”

“அடையாளம் எப்படிப் போடணும்னு சொல்றேங்க.”

“அதுதான் கூடாதுன்றேன்.”

அத்தோடு முடிந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. தாளில் விழுந்த ஒவ்வொரு வரியும் கோமாளித்தனம். அது நடப்பது தெரிந்துகொண்டே அவள் நேரம் முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

முடிவு வந்தது. பாஸ்! என் கணவர் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். சான்றிதழை நான் வாசித்தேன். கணக்குக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி, அடியில் பொடி எழுத்தில் ‘கருணை மதிப்பெண்ணுடன்’.

“என்ன மதிப்பெண்ணுடன்?” என்றாள். இன்னொரு தடவை வாசித்தேன்.

மடியில் வைத்திருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள். “நான் கருணை கேக்கலியே அண்ணி. கணக்குதானே கேட்டேன்?”

அவள் அண்ணன் சமாதானப்படுத்தப் பார்த்தார். “பாஸ் பாஸ்தானம்மா. அந்தப் பொடி எழுத்த யாரு வாசிக்கப் போறாங்க?”

“நீ போடுற சட்டையில ‘இரக்கப்பட்டுக் குடுத்தது’ன்னு பொடி எழுத்துல அச்சடிச்சா போட்டுக்குவியா?”

அவர் மிச்ச மிட்டாயை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுபடி அதே அலுவலகம், இந்த முறை மாடியில். அதிகாரி மேசையில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள், டீ. உட்காரச் சொன்னார், அது வரைக்கும் மரியாதைதான்.

“பாஸ் ஆயிட்டீங்க. அப்புறம் என்ன பிரச்சினை?”

“என் பதில் தப்பா எழுதப்பட்டது சார். நான் இங்கயே வாயால நிரூபிக்கிறேன், நீங்க கேளுங்க. இல்லேன்னா அடையாளம் எழுதத் தெரிஞ்ச ஆளோட மறுபடி எழுதறேன். பக்கத்துல யார வேணா நிறுத்துங்க, ரெக்கார்டு பண்ணிக்கோங்க.”

“ஏம்மா உங்கள நீங்களே கஷ்டப்படுத்திக்கறீங்க? கணக்கெல்லாம் கண்ணால பாத்துப் போட வேண்டிய விஷயம்.”

“ரூட் டூவ நீங்க முழுசாப் பாத்திருக்கீங்களா சார்?” என்றாள். “யாருமே பாத்ததில்ல. கால்குலேட்டர்ல திரைதான் முடியுது, எண் முடியல. பாக்க முடியாத ஒண்ணப் பத்தி யோசிச்சுத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கு எனக்கு மட்டும் கண்ணு வேணுமா?”

இந்தக் கேள்வி அவரைச் சுட்டிருக்கும், அவர் எழுந்து நின்று கைகொடுத்திருப்பார் என்று நினைப்பவர்கள் எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பழகாதவர்கள். அவர் டீயை உறிஞ்சினார். “நல்லாப் பேசறாங்க,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம்.” என் வலது கால் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குப் போலீஸ் வந்திருக்கும்.

அதற்கப்புறம் போனது மனுவும் நடையுமாக. அடுத்த வாரம் வாங்க, சார் லீவு, சார் மீட்டிங். தன் வார விடுமுறைகளை எல்லாம் அவள் அந்த மாடிப்படிக்குக் கொடுத்தாள். கடைசியில் அவருக்கு மேலிருந்த அதிகாரி அம்மா கையெழுத்துப் போட்டார்: எழுதுபவருக்குக் கணித அடையாளங்களை முன்கூட்டியே பழக்கலாம். நியாயம் ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கு மாற்றல் வந்திருந்தது, மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். எங்கள் மனு மேலே கிடந்தது. கீழே கிடந்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது முறையும் அதே தபால்காரரையே கேட்டு வாங்கினாள். அவருக்கு அலுவலகத்திலேயே அடையாளங்களைப் பழக்கினார்கள். கூரை போடக் கற்றுக்கொண்டதில் அவருக்குத்தான் எவ்வளவு பெருமை!

கேள்வித்தாளில் இந்த முறை ரூட் டூ இல்லை, ரூட் த்ரீ. வாசலில் காத்திருந்த எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. மூன்றுக்கு இரட்டைப்படை கதை செல்லாதே!

“நானும் கொஞ்ச நேரம் முழிச்சேன்,” என்றாள் அவள். “அப்புறம் தோணுச்சு. இரட்டைப்படைனா ரெண்டால மிச்சமில்லாம வகுபடறது, அவ்வளவுதானே? இங்க மூணால வகுபடுதான்னு கேட்டாப் போச்சு. ஒரு எண்ணோட வர்க்கம் மூணால வகுபட்டா அந்த எண்ணும் வகுபடும். மேலயும் மூணு, கீழயும் மூணு. மறுபடி சுருக்கலாம். மறுபடி பொய்.”

தேறினாள். நட்சத்திரம் இல்லை, பொடி எழுத்து இல்லை. அண்ணன் இந்த முறை அவளைக் கேட்டுவிட்டுத்தான் மிட்டாய் வாங்கப் போனார். தேர்வு அலுவலகத்தில் இருந்து ஒரு வருத்தம், ஒரு மன்னிப்பு, ஒரு மூச்சு வந்ததில்லை. பழைய சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஆள் விட்டுக் கேட்டார்கள்.

போன மாதம் கல்லூரியில் அஞ்சல் வழிப் படிப்புக்குச் சேரப் போனோம். கணிதம் என்றாள். மேசையில் இருந்த பெண்மணி தலையை ஒரு பக்கம் சாய்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார், “கணிதம் எதுக்கும்மா, கஷ்டமாச்சே. வரலாறு எடுத்துக்கோங்களேன்.”

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நாத்தனார் என் கையைத் தட்டி அடக்கினாள். கைத்தடியை மடக்கிப் பைக்குள் வைத்தாள். நாற்காலி எங்கே என்று தடவிப் பார்த்து, மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க மேடம்,” என்றாள். “ஏன் கஷ்டம்? நிதானமாப் பேசலாம், எனக்கு இன்னிக்கு லீவுதான்.”