டாங்கிக்குள் ஒரு இருக்கை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மேல்மாடியில் ஒருவர் குடியிருந்தார். ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். மீசை நரைத்தும் முறுக்குக் குறையாத ஆள். எவ்வளவு உயரமான வாசலானாலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். "டாங்கிக்குள்ள இடிச்சு இடிச்சுப் பழகின தலை சார், வெளிய இடம் இருக்குன்னாலும் நம்ப மாட்டேங்குது" என்பார்.

ரொம்ப நாளாக மேசைமேல் ஒரு சின்ன டாங்கியைப் பிளாஸ்டிக்கில் செய்துகொண்டிருந்தார். பீரங்கியோடு இருக்கும் மேல்கூண்டைத் தூக்கினால் உள்ளே குண்டுகளின் அடுக்கு, நெம்புகோல்கள், தண்ணீர் கேன், மெத்தை கிழிந்த அவருடைய இருக்கை எல்லாம் அச்சு அசலாகத் தெரியும். அதற்காகவே கூண்டை ஒட்டாமல் வைத்திருந்தார். எல்லாம் துபாயில் இருக்கும் மகனுக்காக.

"சின்னப் பிள்ளைல, டாங்கிக்குள்ள நீங்க எங்க உட்காருவீங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருப்பான் சார். வந்து பார்க்கட்டும்."

மகன் லீவில் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். "சூப்பர்ப்பா! ஷோகேஸ்ல வெச்சா கெத்தா இருக்கும்" என்று சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான். "எந்தக் கடைல வாங்குனீங்க?"

"இங்கதாம்ப்பா" என்றார்.

அவனுக்குப் போன் வந்தது, வெளியே போய்விட்டான். இவர் பசையை எடுத்துக் கூண்டைச் சுற்றிலும் ஒட்டினார்.

"என்னங்க இது?" என்று பதறினேன்.

"உள்ள தூசி போகுது சார்."

'தூக்கிப் பாருடா' என்றால் அவன் பார்த்திருப்பான். குண்டு விழுந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியவருக்கு அந்த இரண்டு சொல் ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.