கடைக்குட்டிக்குப் போட்ட தீனி

எனக்குப் பயம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் கிளம்பினால் கதவைப் பூட்டினோமா என்று பயம், போய்ச் சேர்ந்தால் கேள்வி கேட்பார்களோ என்று பயம். எட்டாவதோடு அந்த இரண்டாவது பயத்துக்கு முடிவு கட்டினேன். ஆனால் இது அதற்கு முன்னால், எனக்குப் பத்து வயதில் நடந்தது.

கருவடிக்குப்பத்தில் எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். கோழிப் பண்ணைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுவார். ஒருநாள் கனகசெட்டிக்குளம் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பியவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே மஞ்சளாக மூன்று குஞ்சுகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் கொடுத்தாராம். வாத்துதானே என்றேன். வாத்துக்குப் பெரியப்பன் இது, கூஸ், தெரியாத ஆள் வந்தால் நாயைவிட மோசமாகத் துரத்தும் என்றார். சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

இரண்டு குஞ்சுகள் திடமாக இருந்தன. மூன்றாவது நான்கடி நடந்தால் ஐந்தாவது அடியில் குப்புற விழும். சித்தப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தேறாது. தேறிச்சின்னா உனுக்குதான்டி, வச்சிக்க."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அது என் பிள்ளை.

கொஞ்ச நாள் நொய் போட்டுவிட்டு அப்புறம் புல்லில் மேயவிடுங்கள், ஊறவைத்த தவிடு கொஞ்சம் போதும் என்று சொல்தா சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வேலை முடிந்து வரும்போது கழித்துப்போட்ட கோசு இலையும் கீரைத்தண்டும் கொண்டுவருவாள். பெரியவை இரண்டும் மொறுமொறுவென்று தின்றன. எனக்கு மனசு ஆறவில்லை. புல்லைத் தின்று யார் உடம்பு தேறியிருக்கிறார்கள்?

வராந்தாவில் பிராய்லர் தீவன மூட்டை ஒன்று கிழிந்து கிடந்தது. நாற்பது நாளில் குஞ்சு குண்டுக் கோழியாகிவிடும் என்று சித்தப்பாவே பெருமையடிக்கும் தீவனம். ஒரு பிடி எடுத்துக் கடைக்குட்டிக்கு மட்டும் வைத்தேன். ஒரு பிடி போதுமா என்று பயம் வந்தது, இரண்டு பிடி வைத்தேன். நடந்தால் தின்றதெல்லாம் கரைந்துவிடுமோ என்று கூடையைப் போட்டுக் கவிழ்த்தும் வைத்தேன்.

என்ன வளர்ச்சி! ஒரே மாதத்தில் மற்ற இரண்டையும் தாண்டிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. பிறகு இறகு முளைத்தபோது இன்னொரு அதிசயம். மற்றவை சிறகை முதுகோடு மடித்துக்கொள்ள, என்னுடையது இரண்டு பக்கமும் ஏரோப்ளேன் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது பறக்கப்போகிறது.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிள்ளைகள் புதுச்சட்டை கழற்றாமல் வாசலில் கூடிவிட்டார்கள். கூஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அதன் நெஞ்சு என் நெஞ்சோடு அடித்துக்கொண்டது. கீழே எல்லோரும் ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்தார்கள். கைப்பிடிச் சுவர்மேல் அதை நிறுத்தினேன்.

மூன்று சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து கூஸை வாரிக்கொண்டது. சித்தப்பா.

உட்கார்ந்து சிறகை மடித்துப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி வெளியே திரும்பிக்கொண்டது.

"இன்னாடி போட்ட இதுக்கு?"

"புல்லுதான் சித்தப்பா."

என்னைப் பார்த்தார். கீழே இருந்தவர்களை எட்டிப் பார்த்து, "ஞாயித்துக்கெழம அதுக்கும் லீவுடா, போங்க" என்றார். பிறகு புதிதாக வாங்கிய செல்போனில், எனக்கு முதுகு காட்டி, சொல்தாவோடு நெடுநேரம் பேசினார்.

வளரும் கூஸுக்குச் சத்து மிஞ்சினால் இறகின் கனம் தாங்காமல் சிறகு எலும்பு வெளியே முறுக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது. சிறகுக்குச் சளி என்றார் சித்தப்பா, நம்பினேன். பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்துக் கட்டினார். புல், கீரை, நடை, வேறொன்றும் கூடாது என்றார். ஒரு வாரத்தில் கட்டை அவிழ்த்தபோது ஒரு சிறகு மடங்கிவிட்டது. இன்னொன்று கடைசிவரை, பஸ் திரும்பக் கை காட்டும் கண்டக்டர் மாதிரி நீட்டியே இருந்தது. தேறிவிட்டது என்று சொல்லி எனக்கே கொடுத்தார்.

அதே வாரம் தீவன மூட்டையின் வாயைச் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி, பரண்மேல் ஏற்றினார். எலித் தொல்லை என்றார். எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. என் கூஸை எலி கடித்துவிட்டால்? வராந்தா மூலையில் தேங்காய்ச் சில்லு வைத்துப் பொறி வைத்தேன். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், காலியாக இருக்கும்.

"இன்னும் மாட்டலியா?" என்று சித்தப்பா கேட்டார்.

"இல்ல சித்தப்பா."

"பெரிய எலிடி அது. பொறியில அடங்காது" என்று என் தலையில் தட்டிவிட்டு, டெம்போவரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நினைத்து நான் பெரிய பொறியாக ஒன்று தேடினேன்.