நாலாம் நாள் சூரியனும் நானும்

வேதபாடத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே வாத்தியாரின்ர தலையில கட்டிவிடுற பள்ளிக்கூடத்தில வேலை பாத்தவைக்குத்தான் என்ர வயித்தெரிச்சல் விளங்கும். எழுபதுகளில, திருகோணமலைத் துறைமுகத்தைப் பாத்தபடி இருந்த எங்கட மிஷன் பள்ளிக்கூடத்தில முதல் பாடம் வேதம், ரெண்டாம் பாடம் பௌதிகம். ரெண்டுக்கும் நான்தான். மணி அடிச்சா ஆள் மாறாது, வாய் மட்டும் மாறவேணும்.

மணிக்கு முதலும் பிறகும்

ஆதியாகமம் நடந்துகொண்டிருந்தது. டொக்யாட் வெல்டரின்ர மகள் செல்வராணி எழும்பினாள். "வெளிச்சம் முதலாம் நாள். சூரியன் நாலாம் நாள். அப்ப அந்த முதல் வெளிச்சம் எங்கயிருந்து சேர்?"

எனக்கு முன்னம் இருந்தவர் இதுக்குப் பிரம்பாலதான் பதில் சொன்னவராம். நினைக்கவே விசர் வருது! வேதபாடத்தில விஞ்ஞானம் கதைக்கக்கூடாதெண்டு கட்டளை. மணி அடிக்கும்வரை பொறுத்துப் பிறகு சொன்னன்: சூரியன் பிந்தி வந்த ஆள், அதுக்கு எவ்வளவோ முந்தியே பிரபஞ்சம் முழுக்கச் சூடும் ஒளியுமாய்க் கிடந்ததெண்டு இப்ப விஞ்ஞானிகள் சொல்லினம், அந்த ஒளியின்ர மிச்சம் ரேடியோக் கருவிகளுக்கு இண்டைக்கும் பிடிபடுது. அதுக்காக ஆதியாகமம் பௌதிகப் புத்தகமில்லை. ஆனா, வெளிச்சம் முதல், சூரியன் பிறகு எண்டதைச் சிரிச்சுத் தள்ளவும் ஏலாது.

"இதை மணி அடிக்க முதலே சொல்லியிருந்தா என்ன சேர் குறைஞ்சிருக்கும்?" எண்டாள்.

ஞானஸ்நானம்

கணக்கு மாஸ்டர் நாத்திகர். ஆசிரியர் அறையில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நக்கலடிச்சார். சூரியன் இல்லாமல் பகலாம், இரவாம், அதுக்கு ஒரு பட்டதாரி வக்காலத்தாம். நான் வேதத்தை நிரூபிக்க வரேல்லை, பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொன்னனான் எண்டு கத்தினன். தேத்தண்ணிக் கோப்பை கவிண்டதுதான் மிச்சம். மனிசன் ஆறுதலாய் மேசையைத் துடைச்சுப்போட்டுக் கேட்டுது: "விஞ்ஞானத்துக்கும் ஞானஸ்நானம் குடுத்திட்டீர். என்ன பேர் வைச்சனீர்?"

பாதரின்ர அறை

பள்ளிக்கூட முகாமையாளரான பாதரின்ர காதுக்குக் கதை போச்சு. ஆர் காவிக்கொண்டு போனதோ, நாசமாய்ப் போக! இனி வேதபாடம் அவர் எடுப்பாராம். பௌதிகத்தில ஆதியாகமம் எண்ட சொல்லு வந்தா அந்த வகுப்பும் எனக்கில்லையாம். அந்த வகுப்புத்தான் எனக்கு உயிர் எண்டது அவருக்கு நல்லாத் தெரியும்.

"அப்ப பிள்ளையள் கேட்டா நான் என்ன செய்யிறது பாதர்?" எண்டன். அவர் கண்ணாடியைக் கழட்டாமலே சொன்னார்: "மாஸ்டர், கடவுளுக்கு உங்கட சேர்ட்டிபிக்கற் தேவையில்லை."

குழாயடி

அடுத்த கிழமை செல்வராணி அதே கேள்வியைப் பாதரிட்டக் கேட்டிருக்கிறாள். "விஞ்ஞானப் பாடத்தில கேள்" எண்டாராம். மணி அடிச்சுது, நான் உள்ளுக்குப் போனன், என்னட்டக் கேட்டாள். "வேதபாடத்தில கேள் பிள்ளை" எண்டு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. சீ, என்ன பிழைப்பு! ஒரு பிள்ளையைப் பந்து மாதிரி ரெண்டு பக்கமும் நிண்டு அடிக்கிறம். வாத்தியார்மாரே, உங்களுக்கும் இப்பிடி வாய் கட்டுப்பட்டு நிண்ட நாள் இருக்கும்தானே?

அவள் என்ர முகத்தைப் பாத்தே விளங்கிக்கொண்டாள். "இடைவேளைக்குக் குழாயடியில தண்ணி குடிக்கேக்க கேக்கலாமோ சேர்? அது ஒரு பாடமும் இல்லைத்தானே."

குழாயடியில முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கேக்க உரத்துச் சொன்னன், பாதருக்கும் கேட்டுது, பௌதிக வகுப்புப் பறிபோச்சு. நல்லகாலம், தண்ணிக் குழாய்க்கு முகாமையாளர் இல்லை.